ஆறிப்போன எண்ணெயில் மாதிரி எடுப்பதில்லை

மண் அள்ளும் இயந்திரங்களில் இப்போது எண்ணெய்க் குழாயிலேயே ஒரு உணர்கருவியைப் பொருத்திவிடுகிறார்கள். எண்ணெயில் தண்ணீர் சேர்ந்தாலும் இரும்புத்தூள் கூடினாலும் அது நேராக மதுரை அலுவலகத்துக்குச் செய்தி அனுப்பிவிடும். நான் வேலை பார்த்த கம்பெனிக்கு அந்த ஏற்பாடு வந்த சமயத்தில், அங்கே புதிதாகச் சேர்ந்திருந்த பொறியாளர் பெண் ஒருவர் எனக்கு ஃபோன் செய்தார். எல்லா வண்டிகளுக்கும் அது வந்து சேர நாளாகும், அதுவரைக்கும் பாட்டில்தான், நீங்கள் எப்படி மாதிரி எடுத்தீர்கள் என்று எழுதிக் கொடுங்கள், புதுப் பையன்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று கேட்டார். எழுத உட்கார்ந்தேன். எப்படி எடுப்பது என்பது ஒரு பக்கத்தில் முடிந்துவிட்டது. அதோடு நிறுத்த மனம் வரவில்லை.

என் பெயர் சுருளிவேல். ஊர் போடி. ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படித்தேன். கொஞ்ச காலம் டிராக்டர் ஒர்க்‌ஷாப்பில் கிடந்துவிட்டு, கனரக இயந்திரங்கள் விற்கும் ஒரு கம்பெனியின் சர்வீஸ் பிரிவில் சேர்ந்தேன். முதலில் ஸ்பேனர் பிடித்தேன். பிறகு இயந்திரங்களிலிருந்து எண்ணெய் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பும் வேலைக்குப் போட்டார்கள். தேனியில் இருந்து மலை வரைக்கும் கல் குவாரி, ரோடு வேலை, எஸ்டேட் வேலை என்று எங்கே பெரிய வண்டி ஓடினாலும் என் பையோடு நான் போவேன். சைட்டில் என்னைக் 'கம்பவுண்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். வண்டிக்கு ரத்தம் எடுக்க வந்துட்டாருப்பா என்று சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொள்வேன்.

வேலை பார்வைக்குச் சின்னதுதான். ஒரு கைப்பம்பு, அதன் அடியில் திருகும் சின்ன பாட்டில், ஒரு பிளாஸ்டிக் குழாய். எண்ணெய் இருக்கும் இடத்துக்குள் குழாயை விட்டு இழுத்தால் பாட்டிலில் வந்து விழும். ஆனால் வண்டிக்குள் இருக்கும் எண்ணெயைத்தான் எடுக்க வேண்டும். வெளியே இருக்கும் தூசி, நேற்று வேறொரு வண்டியில் விட்ட குழாயில் ஒட்டியிருந்த எண்ணெய், கையைத் துடைத்த துணியின் நூல் எதுவும் அதில் சேரக் கூடாது. ஆய்வகத்துக் கருவிக்கு அந்த வித்தியாசம் தெரியாது. ரோட்டுத் தூசியை இன்ஜினுக்குள் போன தூசி என்று சொல்லிவிடும். நல்ல இன்ஜினைப் பிரித்துப் போடுவார்கள். அல்லது கெட்ட இன்ஜினை நல்லது என்று நம்பி ஓட்டுவார்கள்.

அதனால் ஒவ்வொரு வண்டிக்கும் புதுக் குழாய். அதை எண்ணெய் மட்டம் பார்க்கும் அளவுகம்பியோடு சேர்த்துப் பிடித்து, நுனி எண்ணெயின் நடுவில் நிற்கும் அளவுக்கு வெட்ட வேண்டும். அடியில் தட்டினால் காலகாலமாகப் படிந்த கசடு ஏறிவிடும். மூடியைத் திறப்பதற்கு முன் சுற்றிலும் துடைக்க வேண்டும், நூல் பிரியாத துணியால். பாட்டில் மூடியைக் கடைசி நிமிஷத்தில்தான் கழற்ற வேண்டும். பம்பைச் சாய்க்கக் கூடாது. சாய்த்தால் எண்ணெய் பம்புக்குள் ஏறி அடுத்த வண்டிக்கும் போய்ச் சேரும். குழாய் முனையில் வால்வு வைத்த வண்டியாக இருந்தால், முதலில் கொஞ்சத்தை வேறொரு டப்பாவில் ஓடவிட்டுவிட்டு அதன் பிறகு வருவதைப் பிடிக்க வேண்டும். பாட்டிலை முழுக்க நிரப்பக் கூடாது. ஆய்வகத்தில் குலுக்க இடம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, வண்டி ஓடி, எண்ணெய் சூடாகி, உள்ளே இருப்பதெல்லாம் கலந்த பிறகுதான் எடுக்க வேண்டும்.

இதையெல்லாம் எனக்குப் பழக்கியவர் ஆய்வகப் பொறுப்பாளர் நஜிமா மேடம். கம்பத்துக்காரர். பலசரக்குக் கடை வைத்திருந்த குடும்பம். வேதியியல் படித்துவிட்டு மதுரை ஆய்வகத்துக்கு வந்தவர். என்னைவிட இளையவர். என்னை அண்ணே என்பார், நான் மேடம் என்பேன். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. பாட்டில் வந்ததும் கருவியில் வைக்க மாட்டார். முதலில் தலைகீழாகப் பிடித்து டியூப்லைட்டுக்கு நேரே பார்ப்பார். பிறகு மூடியைத் திறந்து முகர்ந்து பார்ப்பார். அதற்குப் பிறகுதான் மற்ற எல்லாம்.

நான் சேர்ந்த புதிதில், மாதிரி எடுக்கும் எங்களில் ஒருவர் கொண்டுவந்த பாட்டிலைத் தூக்கிப் பார்த்த மேடம், அவரைப் பக்கத்தில் கூப்பிட்டார். உள்ளே மெல்லிசாக ஒரு வெள்ளை நூல் மிதந்தது. ஒர்க்‌ஷாப்பில் கை துடைக்கும் பனியன் வேஸ்டிலிருந்து விழுந்தது.

"இது யாரோட பனியன்ணே?" என்று கேட்டார்.

அவ்வளவுதான். எண்ணெயைக் கழிவு டப்பாவில் ஊற்றிவிட்டுக் காலி பாட்டிலை அவர் கையில் கொடுத்தார். சைட் மலை மேலே இருந்தது. அவர் மறுபடியும் போய்த்தான் வந்தார். அன்றிலிருந்து எங்கள் யாருடைய பையிலும் பனியன் வேஸ்ட் இருந்ததில்லை.

ஒரு சம்பவம் நினைவுக்கு வருகிறது. தேனிப் பக்கம் கிரஷர் வைத்திருந்த ஒருவர். சொந்தமாக ஒரே ஒரு புல்டோசர். அதன் இன்ஜின் எண்ணெயை எடுத்து அனுப்பினேன். மேடம் ஃபோன் செய்து, "அண்ணே, இது ஓடுன எண்ணெய் மாதிரி இல்லையே. எண்ணெய்க் கம்பெனியில கலக்கற மருந்தெல்லாம் அப்படியே புதுசா இருக்கு" என்றார். நான் போவது தெரிந்து, அந்த மனிதர் முதல் நாளே எண்ணெயை மாற்றிவிட்டிருக்கிறார். எனக்குக் கோபம் வந்தது. மேடத்துக்கு வரவில்லை. "சண்டை போடாதீங்க. எதுக்குப் பயப்படுறாருன்னு மட்டும் கேட்டுட்டு வாங்க" என்றார்.

போய்க் கேட்டேன். ஆய்வில் ஏதாவது கோளாறு என்று வந்துவிட்டால் இன்ஜினை இறக்கச் சொல்வீர்கள், இறக்கினால் எப்போது திரும்பி ஏறும் என்று யாருக்கும் தெரியாது, அதுவரை இந்த இடத்தில் அடுப்பு எரியாது என்றார். புது எண்ணெய் கொஞ்ச நாள் ஓடட்டும் என்று காத்திருந்து மறுபடி எடுத்தோம். எண்ணெயில் டீசல் கலந்திருந்தது. டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் ஒன்று ஒழுகிக்கொண்டிருந்தது. அதை மாற்ற ஒரு மத்தியானம் போதுமாக இருந்தது. அதற்குப் பிறகு நான் எப்போது போனாலும் அவரே வண்டியை ஓட்டிச் சூடாக்கி வைத்துக்கொண்டு நிற்பார்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். போடிமெட்டு ரோட்டை அகலப்படுத்திக்கொண்டிருந்த காலம் அது. முந்தல் தாண்டி மலை ஏறத் தொடங்கியதுமே வளைவுகள். வேலை எடுத்திருந்த கம்பெனி ஒரு சக்கர லோடரை அங்கே விட்டிருந்தது. முன்னால் பெரிய வாளி வைத்து மண்ணை அள்ளிச் சுமந்துகொண்டு போகிற வண்டி. அதை ஓட்டியவன் பவுன்ராஜ். பொட்டிபுரத்துக்காரன். எனக்குத் தூரத்து உறவு, மாப்பிள்ளை முறை. அதிகம் பேசாதவன். வண்டியில் ஏறும்போது செருப்பைக் கழற்றிக் கீழே விட்டுவிட்டு ஏறுவான். அவன் மனைவி செல்வி ஏலத்தோட்டத்துக்குப் பழம் எடுக்கப் போகிறவள். காலையில் போடியிலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் வரிசையாக மலை ஏறும். சாயங்காலம் அதே ரோட்டில் இறங்கும். அவனுடைய லோடரைக் கடந்துதான் அவள் தினமும் போய்வருவாள்.

ஐப்பசி மழை தொடங்கியிருந்தது. வழக்கமான முறைக்கு நான் போயிருந்தேன். இன்ஜினிலும் ஹைட்ராலிக்கிலும் எடுத்து முடித்துப் பையைக் கட்டும்போது பவுன்ராஜ் பக்கத்தில் வந்தான்.

"மாமா, பின் அச்சுல இருந்தும் ஒரு பாட்டில் எடுங்க. லோடோட எறங்கையில என்னமோ முனகுது. சொன்னா, மழைக்குப் பயந்துக்கிட்டு சாக்குச் சொல்றேங்குறாங்க."

அந்த வண்டியில் பிரேக் தட்டுகள் அச்சுக்குள்ளேயே, எண்ணெயில் முங்கிக் கிடக்கும். வெளியிலிருந்து பார்த்துத் தேய்மானத்தைச் சொல்ல முடியாது. மெக்கானிக் சமதளத்தில் ஓட்டி நிறுத்திப் பார்த்திருக்கிறார், நின்றிருக்கிறது. அதனால் சரி என்று விட்டுவிட்டார்கள். வண்டி அப்போதுதான் வேலை முடித்து வந்து நின்றிருந்தது. அச்சு கையை வைக்க முடியாத சூட்டில் இருந்தது. எண்ணெய் ஊற்றும் வாயை அடைத்திருக்கும் பிளக்கைச் சுற்றியிருந்த சேற்றை முழுக்கத் துடைத்துவிட்டு, அங்கேயும் ஒரு பாட்டில் எடுத்தேன்.

மாதிரி மதுரைக்குப் போய்ச் சேர்ந்த சமயம், மேலே ஒரு வளைவில் மண்சரிவு விழுந்து ரோடு அடைபட்டது. பாறையும் மண்ணும் மரமுமாக ரோட்டை மூடிவிட்டது. மேலிருந்து கல் உருண்டுகொண்டே இருந்ததால் ஆள் நடந்து கடக்கவும் விடவில்லை. மலைக்கு வேலைக்குப் போன பெண்கள் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். செல்வியும் அவர்களில் ஒருத்தி. எஸ்டேட்டில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் எல்லோருமாகப் படுத்துக்கொண்டார்கள் என்று தகவல் வந்தது. குமுளி வழியாகச் சுற்றி வரலாம். ஆனால் எல்லோராலும் ஆகிற காரியமில்லை.

லோடரைச் சரிவு எடுக்கும் வேலைக்குத் திருப்பிவிட்டார்கள். மேலே பொக்லைன் கிளறிப் போடும். பவுன்ராஜ் அதை வாளியில் அள்ளி, செங்குத்தான ஒரு இறக்கத்தில் இறங்கி, கீழே அகலமான ஒரு வளைவில் கொட்டிவிட்டுத் திரும்ப ஏறுவான். அந்த வளைவு சமமான இடம். அதற்கு அடுத்த திருப்பத்தில்தான் ரோடு திறக்குமா என்று பார்த்து ஜீப்புகளும் ஒரு பஸ்சும் ஜனங்களும் நின்றிருந்தார்கள்.

மறுநாள் காலையில் மேடம் கூப்பிட்டார். ரிப்போர்ட் அச்சாகி வருவதற்கு முன்பே அவர் கூப்பிட்டால் விஷயம் நல்லதாக இருக்காது.

"அண்ணே, பின் அச்சுல செம்பு எகிறியிருக்கு. பிரேக் தட்டுமேல இருக்கற பூச்சுல செம்பு உண்டு. அது கரைஞ்சு எண்ணெயில வருது. வண்டி இப்ப எங்க ஓடுது?"

சொன்னேன். உடனே, நீங்களே நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள், ஃபோனில் வேண்டாம் என்றார்.

மழை தூறிக்கொண்டிருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது லோடர் அந்த அகல வளைவில் நின்றிருந்தது. முந்தின நாள் சாயங்காலம் மழை வலுத்ததும் நிறுத்தியது, இன்னும் கிளப்பவில்லை. சைட் பொறுப்பாளர் தாமஸ் அங்கே இருந்தார். மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்து ஆள். பல வருஷம் இங்கே இருந்து தமிழ் நன்றாக வரும். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு பிளக் இருக்கும் இடத்தைக் காட்டினார்.

"சேட்டா, பாருங்க, சுத்தி முழுக்க சேறு. நீங்க எடுக்கும்போது அதுல கொஞ்சம் விழுந்திருக்கும். அதைத்தான் கருவி காட்டுது. அதுக்காக நான் வண்டியை நிப்பாட்டணுமா?"

நியாயமான கேள்விதான். நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். அந்த வளைவில் ஒரே ஒரு மூலையில்தான் சிக்னல் கிடைக்கும். அங்கே போய் மேடத்திடம் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. சேறு விழுந்திருந்தால் மண்ணில் இருக்கும் சிலிக்கானும் சேர்ந்து ஏறியிருக்க வேண்டும். அது ஏறவில்லை, செம்பு மட்டும்தான் ஏறியிருக்கிறது. நீங்கள் எடுத்தது சுத்தமான மாதிரி, தைரியமாகச் சொல்லுங்கள் என்றார். தாமஸிடம் அப்படியே சொன்னேன். அவர் தன் மேலதிகாரியிடம் பேசினார். அந்தப் பக்கத்திலிருந்து, ஒரே ஒரு பாட்டிலை வைத்து நிறுத்த முடியாது, இன்னொன்று எடுக்கச் சொல், முடிவு வருகிற வரைக்கும் வேலை நடக்கட்டும் என்று உத்தரவு வந்தது.

"இப்பவே எடுத்துடுங்க சேட்டா. நான் உடனே ஆள் வச்சு மதுரைக்கு அனுப்பறேன். அதுவரைக்கும் ஓட்டிக்கறோம்" என்றார்.

அச்சைத் தொட்டுப் பார்த்தேன். ராத்திரி முழுக்க மழையில் நின்று ஜில்லென்றிருந்தது. மறுபடி சிக்னல் மூலைக்குப் போனேன். அப்போது மேடம் சொன்னது இன்றைக்கும் எனக்கு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது.

"ஆறிப்போன அச்சுல எடுக்காதீங்கண்ணே. செம்பெல்லாம் அடியில போய் உக்காந்திருக்கும். மேலாப்புல தெளிஞ்ச எண்ணெய்தான் உங்களுக்கு வரும். ரிசல்ட்டு நல்லாத்தான் வரும். அந்த நல்ல ரிசல்ட்ட நம்பித்தான் அப்புறம் வண்டிய எறக்குவாங்க. சூடு பண்ண விடலன்னா, எடுக்காம வந்துருங்க. நான் பேசிக்கிறேன்."

திரும்பி வந்து, இந்த நிலையில் எடுக்க மாட்டேன் என்று தாமஸிடம் சொன்னேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தலையிலிருந்த ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பேசினார். மேலே ஒரு எஸ்டேட்டில் சிறுநீரகக் கோளாறு உள்ள ஒரு மனிதர் இருக்கிறார், தேனி ஆஸ்பத்திரிக்கு முறை தவறாமல் ரத்தம் சுத்தம் செய்யப் போக வேண்டியவர், அவருடைய மகள் தனக்குத் திரும்பத் திரும்ப ஃபோன் செய்து அழுகிறாள் என்றார். அவரைக் குமுளி வழியாகச் சுற்றிக் கொண்டுபோக வண்டி ஏற்பாடு செய்தாயிற்று, ஆனால் அந்த உடம்பு அத்தனை தூரம் தாங்குமா என்று யாருக்கும் தெரியாது என்றார்.

"ஒரு பாட்டில் எண்ணெய் எடுக்க மாட்டேன்னு நீங்க சொல்றீங்க. நான் அந்தப் பொண்ணுக்கு என்ன பதில் சொல்லட்டும்?"

கீழே திருப்பத்தில் நின்ற ஜீப்புகளைப் பார்த்தேன். மழைக்கு ஒதுங்கி ஜனங்கள் பஸ்சுக்குள்ளும் பஸ்சுக்குப் பின்னாலும் நின்றிருந்தார்கள். லோடு நிறைந்த வாளியோடு அந்த இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போனால் வண்டி இந்த வளைவில் நிற்காது. நேரே அங்கேதான் போகும். அவரும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதுவரை ஒதுங்கி நின்ற பவுன்ராஜ் செருப்பைக் கழற்றினான்.

"நான் இந்தச் சமதரையிலேயே ஓட்டிச் சூடு பண்ணித் தர்றேன் மாமா. காலி வாளிதான். கீழ நிக்கிறவங்கள மட்டும் இன்னும் கொஞ்சம் எறக்கி நிக்கச் சொல்லுங்க."

தாமஸ் அவனைப் பார்த்தார். சரி என்று தலையசைத்துவிட்டு அவரே கீழே இறங்கிப் போய் ஜீப்புகளையும் பஸ்சையும் பின்னால் எடுக்கச் சொன்னார். ஜனங்கள் முணுமுணுத்துக்கொண்டே நகர்ந்தார்கள்.

பவுன்ராஜ் வாளியைத் தரையோடு தரையாகத் தாழ்த்தி வைத்துக்கொண்டு, ஏதாவது ஆனால் அதையே ஊன்றி நிறுத்துவதற்குத் தயாராக, அந்த வளைவுக்குள்ளேயே முன்னும் பின்னுமாக ஓட்டினான். ஒவ்வொரு முறையும் பிரேக்கை மிதித்தான். நான் மலைப்பக்கமாகக் கூடவே நடந்தேன். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. எண்ணெய் சூடேற ஏற, ஒவ்வொரு மிதிக்கும் பின்பக்கத்திலிருந்து ஒரு முனகல் வந்தது. கதவுக் கீலில் எண்ணெய் இல்லாவிட்டால் வருமே, அதைவிடக் கனத்த சத்தம். திரும்பி வந்த தாமஸும் அதைக் கேட்டார்.

அச்சு தொட முடியாத சூட்டுக்கு வந்ததும் நிறுத்தச் சொன்னேன். வாளியை மண்ணில் ஊன்றி, சக்கரங்களுக்குக் கல்லை முட்டுக் கொடுத்தோம். மழை விடவில்லை. ஒரு சொட்டு உள்ளே விழுந்தாலும் எண்ணெயில் தண்ணீர் இருப்பதாகக் காட்டிவிடும். பவுன்ராஜ் ஒரு படுதாவை வண்டியின் பின்பக்கத்தில் இழுத்துக் கட்டினான். அதற்குள்ளும் சாரல் அடித்தது. தாமஸ் தன் குடையை விரித்து, தான் நனைந்துகொண்டே, பிளக்குக்கு மேலே பிடித்தபடி குனிந்து நின்றார்.

பிளக்கைச் சுற்றி ஒரு துணியால் சேற்றை எடுத்தேன். இன்னொன்றால் துடைத்தேன். மூன்றாவது துணி அழுக்கில்லாமல் வருகிறதா என்று தாமஸிடமே காட்டினேன். பிளக்கைத் திறந்து, புதுக் குழாயை அளந்து வெட்டி, நுனி எண்ணெயின் நடுவில் நிற்கும்படி விட்டேன். பாட்டிலைத் திருகிப் பம்பை நிமிர்த்திப் பிடித்து இழுத்தேன். கனத்த எண்ணெய், மெதுவாகத்தான் ஏறியது. ஒன்று நிறைந்ததும் இன்னொன்று. ஒரு பாட்டில் ஆய்வகத்துக்கு, மற்றது தாமஸிடமே இருக்கட்டும் என்று மேடம் சொல்லியிருந்தார்.

தாமஸ் தன் பாட்டிலை வாங்கி, ஃபோன் விளக்கை எரியவிட்டு, அதற்கு நேரே பிடித்தார். எண்ணெய்க்குள் பொடிப்பொடியாக மஞ்சள் மினுமினுப்பு சுழன்றது. பாட்டில் அசைய அசைய அது மேலே எழும்பி மெல்ல இறங்கியது. குடை அவர் கையிலிருந்து சரிந்ததை அவர் கவனிக்கவில்லை. நான் பிளக்கை மூடினேன்.

"இது முழுக்க பிரேக்கிலேர்ந்து வந்ததா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். அவர் சிக்னல் மூலைக்குப் போனார். வெகுநேரம் பேசினார். எதிர்ப்பக்கத்தில் யாரோ சத்தம் போடுவது எங்களுக்கே கேட்டது. திரும்பி வந்து பவுன்ராஜிடம் வண்டிச் சாவியைக் கேட்டு வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஆய்வக முடிவுக்கு அவர் காத்திருக்கவில்லை. அது மறுநாள்தான் வந்தது. செம்பு முதல் தடவையைவிட அதிகமாக இருந்தது.

மற்ற இடங்களிலும் சரிவு விழுந்திருந்ததால் வேறு லோடர் கிடைக்கவில்லை. பொக்லைன் ஒன்றே மண்ணைத் தள்ளித் தள்ளி வேலை பார்த்தது. ரோடு திறக்கும் என்று சொன்ன நாள் தள்ளிப்போனது. கீழே காத்திருந்தவர்கள் தாமஸைத் திட்டினார்கள்; அவர் எதையும் விளக்கவில்லை. சிறுநீரகக் கோளாறுக்காரரைக் குமுளி வழியாகக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். போய்ச் சேரும்போது மிகவும் மோசமாகிவிட்டிருந்தாராம். பிழைத்துக்கொண்டார் என்று அந்த மகள் ஃபோன் செய்து சொன்னபோது, தாமஸ் கிலாசில் டீயை வைத்துக்கொண்டு குடிக்காமலே நின்றதைப் பார்த்தேன்.

மதுரையிலிருந்து மெக்கானிக்குகள் வந்து, வண்டியை அந்த வளைவிலேயே தூக்கி நிறுத்தி, படுதாவுக்கு அடியில் பின் அச்சைப் பிரித்தார்கள். எடுத்த தட்டுகளைச் சாக்கில் பரப்பினார்கள். ஒரு பக்கத்தில் பூச்சு முழுக்கப் போய், இரும்பும் இரும்பும் உரசிக் கறுத்திருந்தது. ஒரு தட்டு விரிசல் விட்டிருந்தது. பவுன்ராஜ் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அந்த விரிசலில் விரலை ஓட்டினான்.

"சரிவு விழுந்த அன்னைக்கு முழுக்க இத வச்சுக்கிட்டுத்தான் எறங்கியிருக்கேன் மாமா" என்றான். "கீழ ஜனம் நின்னுச்சு."

அவன் தோளில் கையை வைத்தேன்.

புதுத் தட்டுகள் வந்து அச்சைப் பூட்டியதும் வேலை வேகம் பிடித்தது. ரோடு திறந்த அன்றைக்கு நஜிமா மேடம் ஜீப்பில் வந்து இறங்கினார். இத்தனை வருஷத்தில் பாட்டிலைத்தான் பார்த்திருக்கிறாரே தவிர, எண்ணெய் எந்த இடத்திலிருந்து வருகிறது என்று பார்த்ததில்லை, ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றார். இறக்கத்தையும் வளைவையும் கீழே திருப்பத்தையும் காட்டினேன். திருப்பத்துக்கு அவராகவே நடந்து போய், அங்கிருந்து மேலே நின்ற லோடரை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்து, நம்பரைப் பார்த்துப் பயந்தேன், இடம் இப்படி இருக்கும் என்று தெரிந்திருந்தால் அன்றைக்கு ஃபோனில் அத்தனை நிதானமாகப் பேசியிருக்க மாட்டேன் என்றார். தாமஸ் அவரிடம் நன்றி சொன்னார். மேடம், முடிவு எடுத்தது நீங்கள்தான் என்றார். அந்த முடிவுக்காகத் தாமஸை அவருடைய கம்பெனி கண்டித்தது. வேலை முடிந்ததும் வேறு ஊருக்கு மாற்றினார்கள். அங்கிருந்தும் தன் வண்டிகளுக்கு அச்செண்ணெய் மாதிரி எடுக்கச் சொல்லிக் கேட்டு வாங்குகிறார் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே மேலிருந்து முதல் ஜீப்பு மெல்ல ஊர்ந்து இறங்கி வந்தது. உள்ளே பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். லோடருக்குப் பக்கத்தில் வந்ததும் ஒரு குரல் வண்டியை நிறுத்தச் சொன்னது. செல்வி. இறங்கவில்லை; கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையை மட்டும் வெளியே நீட்டினாள்.

"ஒரு ரோட்டத் தெறக்க இம்புட்டு நாளாய்யா ஒனக்கு? ஸ்டோர் வெறுந்தரையில படுத்துப் படுத்து முதுகே வளஞ்சு போச்சு."

"மிசினுக்கு மேலுக்குச் சொகமில்ல புள்ள" என்றான் பவுன்ராஜ்.

"மிசினுக்குன்னா கூடவே ஒக்காந்திருப்ப. எனக்கு மேலுக்குச் சொகமில்லன்னு சொன்னா மட்டும் காது கேக்காது."

ஜீப்புக்குள் எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். சோத்துப் பானையைக் கழுவி வைக்கிறேன், வெரசா வந்து சேரு என்று சொல்லிவிட்டு அவள் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். ஜீப்பு திருப்பத்தில் மறைந்தது.

மேடம் அவனிடம், நடந்ததை ஏன் அவளிடம் சொல்லவில்லை என்று கேட்டார்.

"சொன்னா, நாளைக்கு என்னைய இதுல ஏற விடுவாளா மேடம்?"

செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு ஏறினான். மேலே இன்னும் ஒதுக்க வேண்டிய மண் நிறைய இருந்தது.